மின்விசிறி முறைக்கிறது

"உங்க கம்பெனி ஃபேன் என்னையே முறைச்சுப் பார்க்குது. நான் கண்ணை மூடினதும் எதிர்த்திசையில சுத்துது. இதுக்கு என்ன பதில்?"

மின்விசிறி நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் காலை ஒன்பது பத்துக்கு இந்தப் புகார் வந்தது. அனுப்பியவர் பெயர் 'மொட்டைமாடி மன்னன்'. பதில் எழுதும் பெண்ணுக்கு அன்றோடு ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிகிறது. வேலை நிரந்தரமாவது மேலாளர் கையில். அவருக்கு ஒரே விதிதான்: வாடிக்கையாளர் என்ன உளறினாலும் பதிலில் அன்பு சொட்ட வேண்டும்.

அவள் எரிச்சலை விழுங்கிக்கொண்டு தட்டினாள்: "அன்புள்ள ஐயா, தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம்."

"பார்த்தீங்களா, ஒத்துக்கிட்டாங்க!"

அரை மணி நேரத்தில் அந்தப் பக்கத்தில் வேடிக்கை பார்க்க நாற்பது பேர் கூடிவிட்டார்கள். அதில் ஒருவருடைய ஃபேன் பெருமூச்சு விடுகிறதாம்.

"அன்புள்ள ஐயா, பழுது பார்ப்பவரைத் தங்கள் இல்லத்துக்கு அனுப்புகிறோம்."

"வேவு பார்க்க ஆளா? ஃபேன் பார்க்கறது போதலையா?"

"அன்புள்ள ஐயா, தங்கள் மனநிலை எங்களுக்குப் புரிகிறது."

"என் மனநிலைக்கு என்ன கேடு? பைத்தியம்னு சொல்றியா?"

மாலைக்குள் கூட்டம் நானூறைத் தாண்டியது. மேலாளர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஆறு மணிக்குள்ள அந்த ஆள் சமாதானம் ஆகணும்மா. இல்லேன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்."

"அவர் பேச்சுல ஒரு நியாயமாவது இருக்கா சார்?"

"நியாயம் எதுக்கு? இன்னும் கொஞ்சம் தேன் தடவு."

தடவினாள். "அன்புள்ள ஐயா, தங்கள் கோபத்தை நாங்கள் மதிக்கிறோம்."

"என் கோபத்தை மதிக்க நீ யாரு?"

அவளுக்குக் காதுமடல்வரை சூடேறியது. அதன்பிறகு விரல்கள் அவள் சொல்லைக் கேட்கவில்லை.

"யோவ் மன்னா! ஃபேன் உன்னை முறைச்சு அதுக்கு என்னய்யா ஆகப்போகுது? மூணு நாளா எனக்குப் பல்வலி. மத்தியானம் சாப்பிடக்கூட இல்லை. உன் மூஞ்சியைப் பார்த்தா நானும்தான் முறைப்பேன். சுவிட்சை அணைச்சுட்டுப் படுய்யா!"

அனுப்பிய பிறகுதான் எழுதியதைப் படித்துப் பார்த்தாள். ஐந்து நாற்பது. அழிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"பல்வலியாம்மா? உனக்குப் பல்லெல்லாம் இருக்கா? இவ்வளவு நேரம் ஏதோ மெஷின்தான் 'அன்புள்ள ஐயா'ன்னு உயிரை வாங்குதுன்னு நெனச்சு இல்ல கத்திட்டிருந்தேன்! மனுஷியாப் பேசிட்டியே, அது போதும். ஃபேன் கெடக்குது விடு. முதல்ல போய்ச் சாப்பிடு."

மேலாளர் ஓடிவந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பிரமாதம்மா! நானூறு பேரும் கை தட்டுறாங்க!"

"அப்போ என் வேலை, சார்?"

"உன் பல்வலிப் பதிலை அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சும்மா, நாளையிலேர்ந்து எல்லாருக்கும் அதுவே அனுப்பிடும். நீ வீட்டுல இருந்து நிம்மதியாப் பல்லைப் பார்த்துக்கோ."