எழுபத்துநாலில் பறந்த மொபெட்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அந்தச் சக்கரத்தை அடக்கி ஆள்வது எப்படி என்று கண்டுபிடித்த பெருமை எங்கள் ஊருக்கே உரியது. திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவில் இருக்கிறோம். ஊர்ப் பெயரைச் சொன்னால் மற்ற ஊர்கள் பொறாமைப்படும் என்பதால் சொல்லவில்லை.

எங்கள் கடைத்தெருவில் 'வேகம் 30' என்று பதினெட்டுப் பலகைகள் நிற்கின்றன. பதினெட்டையும் அச்சடித்தவன் நான். சாலைப் பாதுகாப்புக் குழுவின் செயலாளரும் நான்தான். இந்த இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாகப் பேசுகிறவர்கள் சமூக விரோதிகள்.

சென்ற தை மாதம் வேகத்தை அளக்கும் கேமராவும் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் ராஜ்குமார் அதன் கம்பத்துக்குச் சந்தனம் பூசி, பூசணிக்காய் உடைத்துத் தொடங்கி வைத்தார். உடைந்த பூசணியில் வழுக்கி ஒரு சைக்கிள்காரர் விழுந்தார். அவர் வேகமாக வந்தாரா என்று கேமராவில் பார்த்தோம். இல்லை. ஆகவே அது விபத்தாகக் கருதப்படவில்லை.

ஒரே மாதத்தில் கேமரா ஊரின் மிகக் கொடிய குற்றவாளியைக் கண்டுபிடித்தது. பெயர் லூர்துமேரி, வயது ஐம்பத்திரண்டு. மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, அவித்து, மூட்டை கட்டி, மொபெட்டில் ஏற்றிக்கொண்டுபோய்க் கோயில் வாசல்களில் விற்பவர். கிருத்திகை என்றால் மயிலம், பௌர்ணமி என்றால் திருவக்கரை. பார்வைக்குப் பரம சாது. ஆனால் மூன்று வாரத்தில் மூன்று முறை, மணிக்கு அறுபத்தொன்று, அறுபத்தெட்டு, எழுபத்துநாலு கிலோமீட்டர் வேகத்தில் பறந்திருந்தார். மூன்றுக்கும் அபராதம் அவருடைய செல்போனுக்கே வந்திருந்தது.

லூர்துமேரி மொபெட்டைத் தள்ளிக்கொண்டே ஸ்டேஷனுக்கு வந்தார். அன்று அங்கே ராஜ்குமார், ஏட்டு இசைவாணி, ஒரு பேனர் விஷயமாகப் போயிருந்த நான், மூவரும் இருந்தோம்.

"சார், இந்த வண்டிய நல்லா பாருங்க. இது எழுபத்தி நாலுல போவுமா? மேட்டுல ஏறணும்னா நான் எறங்கித் தள்ளிக்கினு போறேன் சார்."

"மெஷின் பொய் சொல்லாதும்மா" என்றார் ராஜ்குமார்.

"நானும் பொய் சொல்ல மாட்டேங்க. ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவ."

"மெஷின் சர்ச்சுக்குப் போறதில்ல. ஆனா அதுக்கு சர்டிபிகேட் இருக்கு."

இன்னொரு முறை பறந்தால் லைசென்ஸை முடக்க எழுதிவிடுவேன் என்றார் ராஜ்குமார். அதைக் கேட்டதும் லூர்துமேரியின் குரல் இறங்கிவிட்டது.

"பத்து நாள்ல பௌர்ணமி வருது சார். அன்னிக்கு விக்கறதுலதான் அந்த மாசமே ஓடுது. மூட்டைய தலையில வெச்சிக்கினு திருவக்கரைக்கு நடக்கவா முடியும்?"

இசைவாணி எழுந்துபோய் மொபெட்டின் முறுக்குப் பிடியைத் திருகிப் பார்த்துவிட்டு, "சார், ஒருதடவ ஓட்டியே பாத்துடலாமே" என்றார்.

அன்று மாலையே எங்கள் குழு அவசரமாகக் கூடியது. இரண்டு சுற்று டீ, ஒரு சுற்று மசால்வடைக்குப் பிறகு, 'மேற்படி வாகனத்தின் உண்மையான வேகத்தைக் கண்டறியச் சோதனை ஓட்டம் நடத்துவது' என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. தீர்மானத்தைவிடப் பெரிய எழுத்தில் நான் பேனர் அடித்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணி. கடைத்தெருவில் திருவிழாக் கூட்டம். லூர்துமேரி ஓட்டினால் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுவார் என்று சந்தேகித்த ராஜ்குமார், கடமை உணர்ச்சியோடு தானே மொபெட்டில் ஏறி உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் வண்டி ஒரு தரம் முனகியது.

"இடது பக்கம் சாயாதீங்க சார். பிரேக்கு புடிச்சா நிக்காது, கொஞ்சம் முன்னாடியே நெனைச்சிக்கணும்" என்று லூர்துமேரி சொல்லிக்கொடுத்தார்.

வண்டி கிளம்பியது. முழுசாக முறுக்கியும் முள் இருபத்தொன்பதைத் தாண்ட மறுத்தது. பக்கத்தில் ஓடிவந்த நாய் ஒன்று சலித்துப்போய் உட்கார்ந்துவிட்டது. கேமராக் கம்பத்தை நெருங்கும் நேரத்தில் பின்னாலிருந்து ஒரு பெரும் இரைச்சல். தினமும் அந்த நேரத்துக்கு வரும் ஜல்லி லாரி! முன்னும் பின்னும் சேறு அப்பியிருந்த அந்த லாரி, எழுத்துத் தெரிந்த பதினெட்டுப் பலகைகளையும் தாண்டி, சப்-இன்ஸ்பெக்டரையும் தாண்டிப் பறந்தது. அந்தக் காற்றில் மொபெட் தானாகவே திரும்பி, சாலையோரம் காயப்போட்டிருந்த கேப்பைக் கதிருக்குள் பத்திரமாக நுழைந்தது.

அடி ஒன்றும் இல்லை. கேப்பையைத் தட்டிவிட்டுக்கொண்டு ராஜ்குமார் எழுவதற்குள் லூர்துமேரியின் செல்போன் மணியடித்தது. அவர் அதை இசைவாணியிடம் நீட்டினார். இசைவாணி உரக்க வாசித்தார்:

"வேகம், மணிக்கு எழுபத்தாறு கிலோமீட்டர். கூடுதல் குற்றம், ஓட்டியவர் ஹெல்மெட் அணியவில்லை."

செய்தியோடு படமும் வந்திருந்தது; முந்தைய மூன்றிலும் இருந்த படத்தை யாரும் திறந்து பார்த்ததில்லை. தொப்பி பறக்க, வாய் பிளந்து, ராஜ்குமார். பின்னால் மலைபோல லாரி.

"சார், நீங்க என்னையே மிஞ்சிட்டீங்க!" என்றார் லூர்துமேரி. கடைத்தெரு முழுக்கச் சிரித்தது. குழுவின் செயலாளர் என்ற முறையில் நான் முதுகைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன்.

குட்டு வெளிப்பட்டது. கேமரா அளந்தது லாரியின் வேகத்தை. லாரியின் நம்பர் சேற்றுக்குள் இருந்ததால், கண்ணுக்குத் தெரிந்த நம்பருக்கு, அதாவது லூர்துமேரி வாராவாரம் சோப்புப் போட்டுத் துடைத்துவைக்கும் நம்பருக்கு, அபராதம் போட்டது. பளிச்சென்று வைத்திருந்ததுதான் அவர் செய்த குற்றம்.

ராஜ்குமார் நேர்மையானவர். லூர்துமேரியின் நான்கு வழக்குகளையும் ரத்து செய்யச் சொல்லி அன்றே எழுதி அனுப்பினார்.

"அப்போ லாரி, சார்?" என்றார் இசைவாணி.

"நம்பர் தெரியாத வண்டிய எப்படிம்மா நிறுத்தறது?"

"கையக் காட்டி சார்."

இந்த நவீன தொழில்நுட்பம் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. திங்கட்கிழமை இசைவாணி நடுரோட்டில் நின்று கையைக் காட்டினார். லாரி நின்றது. ஒரு குடம் தண்ணீர் வரவழைத்து, டிரைவரையே விட்டு நம்பர் பலகையைக் கழுவ வைத்தார். பலகை புத்தம் புதிதாக இருந்தது.

"ஏட்டம்மா, இது தானா ஒட்டுன சேறு இல்ல. தெனம் காலையில பூசச் சொல்லி மொதலாளி உத்தரவு" என்றார் டிரைவர், பெருமூச்சோடு. முதலாளி யார் என்று கேட்டதற்கு, "உங்க பெரியவங்களுக்கு எல்லாம் வேண்டியவரு" என்று மட்டும் சொன்னார். இசைவாணி அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

இந்தத் துணிச்சலைப் பாராட்டி, புதன்கிழமையே இசைவாணிக்கு மயிலம் கோயிலில் வரிசையை ஒழுங்குபடுத்தும் பணி வழங்கப்பட்டது. அங்கே பக்தர்கள் மணிக்கு அரை கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறார்கள். யாரும் வரம்பை மீறுவதில்லை. வியாழக்கிழமை லாரியில் புதுச் சேறு பூசியிருந்தது.

அதைப் பார்த்ததும் கேமராவைக் கடக்க லூர்துமேரிக்குப் பயம் வந்துவிட்டது. பௌர்ணமிக்கு இன்னும் மூன்று நாள். என்னைத் தேடி வந்து, "செயலாளரே, என்னா பண்றதுன்னே புரியல. பேஜாரா கீது" என்றார். 'சட்டம் தன் கடமையைச் செய்யும்' என்றேன்.

"அதாங்க பயமா கீது" என்றவர், நேராக வீட்டுக்குப் போனார். பிடுங்கிய மல்லாட்டையோடு வந்த செம்மண் ஒரு மூலையில் கிடந்தது. அதைக் குழைத்து நம்பர் பலகையில் பூசினார். மறுநாள் லாரியோடு சேர்ந்தே கேமராவைக் கடந்தார். செல்போன் மூச்சுக்கூட விடவில்லை. பௌர்ணமியன்று திருவக்கரையில் மூட்டை காலி. கடைசிப் படி மல்லாட்டையைக் கோயிலுக்கு வந்த ராஜ்குமார் வாங்கினார். மொபெட்டைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாராம்.

அடுத்த வாரமே பால்காரர் பூசினார். மளிகைக்கடைக்காரர் பூசினார். ஆசிரியர்கள் ஒழுங்காக, ஓரம் வழியாமல் பூசினார்கள். நானும் பூசினேன், அச்சகத்துக் கறுப்பு மையால். ஒரு மாதமாக எங்கள் ஊரில் ஒரு வழக்குகூட இல்லை. லாரி மட்டும் இப்போது எண்பதைத் தொடுகிறது என்கிறார்கள். ஆதாரம் இல்லாத வதந்தி.

இந்தச் சாதனைக்காக விழுப்புரத்தில் ஒரு தனியார் சங்கம் எங்களுக்குக் 'குற்றமற்ற சாலை' கேடயம் வழங்கியது. மேடையில் சங்கத் தலைவர், "இதை எப்படிச் சாதித்தீர்கள்?" என்று வியந்து கேட்டார். நான் மைக்கைப் பிடித்தேன்.

"சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று நீங்கள் படித்திருப்பீர்கள் ஐயா. நாங்கள் நடத்திக் காட்டிவிட்டோம். ஜல்லி லாரிக்கு எந்தச் சட்டமோ, அதே சட்டம்தான் இன்று எங்கள் ஊரில் மல்லாட்டை மொபெட்டுக்கும்!"