பத்துக் குச்சியும் பற்றவில்லை

ஆராய்ச்சி செய்பவர்களிடம் மரியாதைக்காகக்கூட "என்ன படிக்கிறீர்கள்?" என்று கேட்கக் கூடாது. பதில் சொல்லிவிடுவோம். நான் சொன்னேன், அதுவும் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். ஆராய்ச்சிப் படிப்பு என்றதுமே இரண்டு வரன்கள் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பியிருந்தன. மூன்றாவதாக, கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையும் அவருடைய அம்மா அப்பாவும் கழுகுமலையிலிருந்து வந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் படிக்கட்டும் என்று சொல்லியனுப்பியவர்கள். அதனால் இந்தச் சம்பந்தம் எனக்கு வேண்டும், மிகவும் வேண்டும். "ஏட்டி, வாயத் தொறந்திராத" என்று அம்மா காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா, "என்னத்தப் பத்திம்மா படிக்குத?" என்று கேட்டார்.

திறந்துவிட்டேன். "கம்ப்யூட்டருக்குள்ள இருக்குமே சிப்பு, அத ஒரே தட்டுல நூத்துக்கணக்கா செய்யுதாங்க அத்தை. எல்லாம் ஒரே மாதிரிதான். ஆனா ஒண்ணு வேகமா ஓடும், ஒண்ணு மந்தமா இருக்கும். எத்தனை தேறும்னு முன்கூட்டியே கணக்குப் போடுதேன்."

யாருக்கும் புரியவில்லை என்று நானே முடிவுகட்டி, குத்துவிளக்கின் பக்கத்திலிருந்த தீப்பெட்டியை எடுத்தேன். (ஆர்வக்கோளாறு.)

"இதுல ஒவ்வொரு குச்சியும் தனித்தனி. பத்து உரசினா ஒண்ணோ ரெண்டோ பத்தாது. மிச்சம் பத்தும்."

உரசினேன். புஸ். அடுத்தது, புஸ். பத்தும் முடிந்தது, ஒரு பொறிகூட வரவில்லை. அப்பா கண்ணாலேயே பெட்டியின் மேல் இருந்த படத்தைக் காட்டினார். மாப்பிள்ளை வீட்டாரின் தீப்பெட்டி ஆபீஸில் (எங்கள் பக்கம் தொழிற்சாலைக்கு அதுதான் பேர்) செய்த பெட்டி! மரியாதையாக இருக்கட்டுமே என்று அம்மா தேடி வாங்கி வைத்திருக்கிறாள். சம்பந்தி வீட்டுச் சரக்கு பற்றாது என்று சபை நடுவே நிரூபித்துவிட்டு நின்றேன்.

அந்த அம்மா கோபப்படவில்லை. ஒரு குச்சியை வாங்கி, அதன் மருந்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இது ஐப்பசி மழையில முக்குனதும்மா. மருந்து தண்ணியா இருந்திருக்கு. கட்டையில அடுக்குன குச்சி அம்புட்டும் ஒண்ணாத்தான மருந்துல எறங்குது? கெட்டா மொத்தமாத்தான் கெடும். நீ எப்படித் தனித்தனின்னு கணக்குப் போட்ட?" (குச்சிகளை வரிசையாகச் செருகும் சட்டத்தைத்தான் கட்டை என்பார்கள்.)

எனக்குப் புல்லரித்தது. என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் முழுக்க அந்தத் 'தனித்தனி'யை நம்பித்தான் நின்றது. ஒரே தட்டில் பிறந்த சிப்புகள் சேர்ந்தே தேறும், சேர்ந்தே கெடும் என்பதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. என் விடை நிஜத்தோடு ஏன் ஒட்டவில்லை என்று எட்டு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். இவரோ ஒரு குச்சியைச் சுரண்டி, அதை மருந்தில் தோய்த்த நாளின் மழையையே சொல்கிறார்! அப்படியொரு மூளையை நான் அதுவரை பார்த்ததில்லை.

பட்டுப்புடவையோடு உள்ளே ஓடி நோட்டை எடுத்துவந்து, அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். கட்டைக்குக் கட்டை எவ்வளவு மாறும்? ஒரே கட்டையில் ஓரத்துக் குச்சிக்கும் நடுக் குச்சிக்கும் வித்தியாசம் உண்டா? அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"ஏட்டி, மாப்பிள்ளைய ஒரு தடவ நிமிந்து பாருட்டி" என்று அம்மா கதவோரம் நின்று கெஞ்சினாள்.

"இரும்மா" என்றேன். நான் நிமிர்ந்தபோது அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான்காம் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். கணக்கு ஒட்டியது. கல்யாணமும் நடந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் என் கணவர் இன்றைக்கும் சொல்லுவார்: "பொண்ணு பாக்க மூணு பேரு போனோம். அவ எங்கம்மாவப் பாத்துச் சரின்னுட்டா. நான் கூடவே வந்த இனாம்."