காதில் விழுந்தவர்

வானொலி கேட்பவர்கள் என்று ஒரு கட்சி உண்டு. கேட்காதவர்கள் என்று இன்னொரு கட்சி உண்டு. இந்த இரண்டிலும் சேராமல், கேட்பவர்களைவிட ஊன்றிக் கேட்டுவிட்டு, கேட்காதவர்களைவிட அதிகமாகச் சலித்துக்கொள்ளும் மூன்றாவது இனம் ஒன்று நம் நடுவில் வேட்டி கட்டி, திருநீறு பூசி, வெற்றிலை போட்டுக்கொண்டு நடமாடுகிறதே, அதைக் கவனித்திருக்கிறீர்களா? இவர்களுக்குக் காதில் விழுந்தவர்கள் என்று பெயர். நான் வைத்த பெயர் இல்லை. விசாரித்தால் அவர்களே சொல்வார்கள். அவர்கள் எதையும் கேட்பதில்லை. அது வந்து விழுகிறது. நடுத்தெருவில் நிற்கிறவன் மேல் மழை விழுந்தால் அவன் என்ன செய்வான், பாவம்?

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். வீட்டில் ரேடியோ இருக்காது; இருந்தாலும் பாட்டரிக் கட்டைகளைக் கழற்றிவிட்டு, பூப்போட்ட துணியால் மூடி, அலமாரிமேல் ஏற்றி வைத்திருப்பார்கள். ஆனால் அடுத்த வீட்டு ரேடியோ எந்த மூலையில் நன்றாகக் கேட்கும் என்பது தெரியும், அந்த மூலையில்தான் சாய்வு நாற்காலி கிடக்கும். "இப்பல்லாம் யாருவே ரேடியோ கேக்கா?" என்று பேச்சைத் தொடங்குவார்கள். அந்த மூச்சு முடிவதற்குள், காலையில் ரேடியோவில் சொன்ன ஏதோ ஒன்றைப் பிடித்துச் சண்டைக்கு நிற்பார்கள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டுவிடக்கூடாது.

எங்கள் தச்சநல்லூரில் இந்த இனத்தின் தலைமகன் ஆவுடைநாயகம் பிள்ளை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக்கு நேரெதிரே நூகுவின் தையல் கடை. நூகுவுக்கு மெஷினை மிதிக்கக் கால் வேண்டும், ரேடியோ வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் தையல் ஓடாது. வெட்டுத் துணிகளுக்கு நடுவே அது சாயங்காலம் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கும். ஆவுடைநாயகம் தம் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இவன் ரேடியோவால தெருவுல மனுசன் இருக்க முடியுதா?" என்று முனகுவார். ஒரு நாள் நூகு நல்ல பிள்ளையாகச் சத்தத்தைக் குறைத்தான். ஆவுடைநாயகம் தம் மனைவி கோமு ஆச்சியை உடனே அனுப்பிவிட்டார், நூகுவுக்கு உடம்புக்குச் சரியில்லையா என்று பார்த்துவர.

இதெல்லாம் தொண்ணூறுகளின் நடுவில். கேபிள்காரர்கள் மாடிக்கு மாடி, முருங்கையிலிருந்து மாமரம் என்று கறுப்பு ஒயரைக் கட்டிக்கொண்டிருந்த காலம். ரேடியோ ஓய்ந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தச் சமயத்தில் டவுனில் பாத்திரக்கடை வைத்திருந்த பிச்சைக்கண்ணு அண்ணாச்சி, எல்லோரும் போகிற பாதையில் போகாமல், உள்ளூர் வானொலியில் சாயங்காலம் அரை மணி நேரத்தைக் காசு கட்டி வாங்கி, 'சாயங்காலச் சங்கதி' என்று ஒரு பேச்சு நிகழ்ச்சி நடத்தினார். பேசியவள் சங்கரி. தட்டச்சுப் பள்ளியில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். கம்ப்யூட்டர் வந்து அந்தப் பள்ளியை மூடிவிட்டார்கள். இந்த அரை மணி நேரத்தில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது.

என்ன பேசினாள்? ஒன்றுமில்லை. அதுதான் அதில் ருசி. வண்ணாரப்பேட்டை பஸ்ஸில் சில்லறை தராத கண்டக்டர், குறுக்குத்துறையில் ஆறு எந்தப் படிவரை ஏறியிருக்கிறது, பத்தமடைப் பாயை மடிக்கலாமா சுருட்டத்தான் வேண்டுமா, மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டைக் குறை சொன்னால் எந்த அளவுக்குப் பொறுக்கலாம் என்று, பக்கத்து வீட்டுப் பெண் மதில் வழியாகப் பேசுகிற மாதிரி பேசுவாள். நடுநடுவே அண்ணாச்சி கடைக் குடமும் அண்டாவும் வந்துபோகும். ஒரு நாள், தேங்காய்ப்பாலில் வைக்கிற சொதியில் கத்திரிக்காய் போட்டால் என்ன என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான். ஆவுடைநாயகம் சைவம் அழிந்துவிட்டதாகவே முடிவுகட்டி, பிள்ளையார் கோயில் வாசலிலும் பென்ஷன் ஆபீசிலும் சொல்லிச் சொல்லி ஓய்ந்தார். ஞாயிற்றுக்கிழமை கோமு ஆச்சி வாயைத் திறக்காமல் சொதியில் கத்திரிக்காய் போட்டு வைத்தாள். மறு சோறு வாங்கிச் சாப்பிட்டார். அது என்ன காய் என்று அவர் கேட்கவுமில்லை, ஆச்சி சொல்லவுமில்லை.

இப்படி ஒரு ஆவுடைநாயகம் இருந்தால் பிழைத்துப் போகலாம். தெருவுக்கு நாலு பேர் இருந்தால்? பிச்சைக்கண்ணு அண்ணாச்சியின் மருமகன், கேபிளில் படம் ஓடும்போது அடியில் கடைப் பெயர் ஓடினால் போதும், ரேடியோவுக்குக் கொட்டுவது ஆற்றில் கொட்டுவது என்று நச்சரித்தான். அண்ணாச்சி கடைக்கு வருகிறவர்களிடம் பைய விசாரித்துப் பார்த்தார். ரேடியோவா, அதெல்லாம் அந்தக் காலம் என்று எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த வாயோடேயே, குடத்துக்குப் புளி போட்டுத் தேய்க்கலாமா கூடாதா என்று சங்கரி முந்தாநாள் பேசியதை வைத்துச் சந்தேகமும் கேட்டார்கள். அண்ணாச்சிக்கு அது உறைக்கவில்லை. வியாபாரியிடம் வாயால் சொன்னால்தான் கணக்கு.

கடைசியில் அவர் ஒரு சோதனை வைத்தார். வருகிற வெள்ளிக்கிழமை கடைக்கு வந்து, "நான் சாயங்காலச் சங்கதி கேக்கேன்" என்று சொல்கிறவருக்கு ஒரு எவர்சில்வர் தம்ளர் இனாம். அவர் பெயரும் அதில் வெட்டித் தரப்படும். ஒரு கூட்டம் வந்தால் நிகழ்ச்சி தொடரும். வராவிட்டால் அத்தோடு சரி. இதைச் சங்கரியே ரேடியோவில் சொன்னாள். சொல்லும்போது குரலில் ஒரு பிசிறு தட்டியது. நூகு மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். எதிர் ஜன்னலில் ஆவுடைநாயகம் வாயில் போட்ட வெற்றிலையை மெல்லக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. கடையில் நிற்க இடமில்லை.

ஆனால் நடந்தது என்ன தெரியுமா? நம்மூர் ஆட்களுக்கு உயிரை விடச் சொன்னால் விடுவார்கள். இனாமாக ஒரு தம்ளருக்கு வாய்விட்டு நிற்பார்களா? அதுவும் நாலு பேர் முன்னால், ரேடியோ கேட்கிற பஞ்சாங்கம் நான்தான் என்று ஒப்புக்கொண்டு, அதைப் பெயர் வெட்டி வீட்டுக்கு வேறு எடுத்துப் போவார்களா? வந்தவர்கள் எல்லோரும் குடத்தை விரல் கணுவால் தட்டிப் பார்த்தார்கள். மழை உண்டா என்று பேசினார்கள். அண்ணாச்சி முகத்தையே பார்த்துக்கொண்டு, தாமாக எடுத்துக் கொடுப்பார், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தார்கள். காத்திருந்து காத்திருந்து, சும்மா திரும்ப வெட்கப்பட்டு, ஆளுக்கொரு கரண்டியோ வடிதட்டோ காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஆவுடைநாயகம் ஒரு தூக்குவாளி வாங்கினார். வீட்டில் ஏற்கெனவே மூன்று இருந்தன.

தம்ளர் கேட்டு வந்தவன் ஒரே ஒருத்தன், ஆட்டோ ஓட்டும் இசக்கிமுருகன். அவன் ரேடியோ பக்கமே போகாதவன். ஆவுடைநாயகம்தான் அவனைக் கூப்பிட்டு, "ஏலே, டவுனுல சும்மா தம்ளரு குடுக்காவளாம், போயி வாங்கிக்கோ, காதுல விழுந்துச்சி" என்று அனுப்பியிருந்தார். நிகழ்ச்சியில் என்ன பேசுகிறார்கள் என்று அண்ணாச்சி கேட்க, இசக்கிமுருகன் கொஞ்சமும் தயங்காமல் உர விலை என்றான். பொய் சொல்லவாவது ஒருத்தன் வந்தானே என்று அண்ணாச்சி தம்ளரைக் கொடுத்துவிட்டார்.

இரவு கடையைப் பூட்டும்போது அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ரேடியோவால் ஒரு ஆள்கூட வரவில்லை. ஆனால் வியாபாரம் தீபாவளிக்கு நடக்கிற மாதிரி நடந்திருக்கிறது. அப்படியானால் ரேடியோ இல்லாமலே கடை ஓடும். இதில் என்ன தப்பு? நீங்களும் நானும் அவர் இடத்தில் இருந்தால் இதையேதான் நினைத்திருப்போம். அந்த மாதத்தோடு 'சாயங்காலச் சங்கதி' நின்றது.

நின்ற மறுநாள் எங்கள் தெருவைப் பார்க்க வேண்டுமே. பொழுது சாயும் நேரத்துக்கு ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து, வந்த காரணம் தெரியாத மாதிரி வானத்தைப் பார்த்தார்கள். ஆவுடைநாயகத்துக்குத்தான் பொறுக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி டவுனுக்குப் போய்விட்டார். ஊர்ப் பெரியவர் என்ற முறையில் நாலு வார்த்தை கேட்கத்தான், தமக்காக இல்லை.

கடையில் அவருடைய பழைய ஆபீசில் அவருக்குக் கீழே வேலை பார்த்த குமரகுருபரன், மகள் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் எடுத்துக்கொண்டிருந்தார். முக்காலியில் மடியில் பையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வள்ளியூரில் அண்ணன் ஜவுளிக்கடையில் நிற்கப் போகிறாள். போகிற வழியில் சொல்லிக்கொள்ள வந்தவள். ஆவுடைநாயகம் அவளைப் பார்த்ததில்லை. ஆனால் வாங்க சார் என்று அவள் எழுந்து நின்ற அந்த ஒரு வார்த்தையில் அவருக்குத் தெரிந்துவிட்டது. எதற்கு வந்தோம் என்பதைக்கூட மறந்து அப்படியே நின்றார்.

பிறகு சுதாரித்துக்கொண்டு, நல்ல நிகழ்ச்சிகளை இப்படி நிறுத்தினால் ஊர் என்னத்துக்கு ஆகும் என்று அண்ணாச்சியைப் பிடித்தார். அண்ணாச்சி கல்லாவை மூடிவிட்டு எழுந்து வந்தார்.

"சார், எனக்குக் கூட்டம் வேண்டாம். ஒரே ஒரு ஆளு இந்தப் பிள்ளைக்கு முன்னால, நான் கேக்கேன்னு சொல்லட்டும். நாளைக்கே பணம் கட்டுதேன். நீங்க கேட்டியளா?"

சங்கரி அவரைப் பார்த்தாள். குமரகுருபரனும், கையில் எடுத்த அடுக்குச் சட்டியைக் கீழே வைக்காமல், தம் பழைய அதிகாரி என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்தார்.

ஒரு வார்த்தை. அதற்குக் காசா, பணமா? எனக்கு இன்றைக்கும் அவர்மேல் கோபம் வருகிறது.

"எனக்கு எங்கவே நேரம்?" என்றார் ஆவுடைநாயகம். "எதுத்தாப்ல டெய்லர் கடை. அப்பப்ப காதுல விழும்."

அதோடு நிறுத்தினாரா? சொதி விவகாரத்தை எடுத்தார். பாயைச் சுருட்டுவது பற்றி அவள் சொன்னது சரி, கண்டக்டர் பற்றிச் சொன்னது தப்பு என்றார். ஐப்பசியில் ஜலதோஷத்தோடு நாலு நாள் பேசினாயே, அப்போது மிளகுக் கஷாயம் குடித்திருக்கக் கூடாதா, கேட்கிறவர்களுக்கே தொண்டை வலித்தது என்று கடிந்துகொண்டார். அண்ணாச்சி இடையில் புகுந்து, அப்படியானால் கேட்டிருக்கிறீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிப் பார்த்தார். ஆவுடைநாயகம் குமரகுருபரனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, அதெப்படி அப்படிச் சொல்ல முடியும் என்றார்.

சங்கரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள்.

"விடுங்க முதலாளி," என்றாள். பிறகு ஆவுடைநாயகத்திடம், "சுவத்தப் பாத்துப் பேசுத மாரியே இருக்கும் சார், அந்த ரூமுல. சுவருக்கு அந்தப் பக்கம் நீங்க இருந்திருக்கிய. அன்னைக்கே சொல்லியிருந்தா மிளகு போட்டிருப்பேன்லா" என்று சொல்லிவிட்டு வள்ளியூர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.

நூகு இப்போது வேறு எதையோ வைக்கிறான். பாட்டுத்தான், பேச்சு இல்லை. ஆனாலும் அந்த நேரம் வந்தால் ஆவுடைநாயகம் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொள்கிறார். கோமு ஆச்சி விளக்கேற்றிவிட்டு வந்து, அங்கன உட்கார்ந்து என்ன செய்யுதிய என்று ஒரு நாள் கேட்டாள். காற்று வாங்குவதாகச் சொன்னார். ஆச்சி அவர் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். அவளும் கூடச் சேர்ந்து காற்று வாங்கினாள் போலிருக்கிறது.

இந்த இனம் ரேடியோவோடு போய்விட்டது என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். மெஸ்ஸில் தினமும் சாப்பிட்டுவிட்டு, வேறு வழியில்லாமல் வருகிறேன் என்று மெஸ்காரி காதுபடச் சொல்வது இவர்கள்தான். கோயில் கச்சேரியில் தூணுக்குப் பின்னால் தாளம் போட்டுவிட்டு, செருப்பைத் தேடத்தான் நின்றேன் என்பதும் இவர்கள்தான். நீங்கள் அப்படியில்லை என்கிறீர்கள். நம்புகிறேன். இந்தப் பக்கம் உங்கள் கைக்கு எப்படி வந்தது என்றும் விசாரிக்கப் போவதில்லை. மைத்துனர் அலமாரியிலிருந்து வந்திருக்கலாம், ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் மடியில் விரிந்து கிடந்திருக்கலாம். இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், எனக்கு அது போதும். ஆனால் இதை அச்சுப் போடுகிறவரும் பிச்சைக்கண்ணு அண்ணாச்சியைப் போல ஒரு வியாபாரிதான். இவன் எழுதுவதை யாராவது படிக்கிறார்களா என்று அடுத்த வாரம் உங்கள் ஊரில் நாலு பேர் முன்னால் யாரையாவது நிறுத்திக் கேட்கப் போகிறாராம். அவர் கையில் நீங்கள் அகப்பட்டால், உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், கண்ணில் பட்டது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.