பெயர்: பிறகு அறிவிக்கப்படும்

கேக்கின் மேல் ரோசாக் கலர் கிரீமில் மூன்று இங்கிலிஷ் எழுத்துகள் இருந்தன. டி, பி, சி.

அதைப் பார்த்த கையோடு மேலே ஓடிவந்து பாத்ரூம் கதவைப் பூட்டிக்கொண்டேன். மடியில் லாப்டாப், காதில் போன். வெள்ளிக்கிழமை பின்னேரம், கீழே ஹோலில் இருபத்தைந்து பேர். இன்னும் அரை மணித்தியாலத்தில் அப்பா என் புதுத் தங்கச்சியின் காதுக்குள் அவளுடைய பெயரை மூன்று தரம் சொல்லப் போகிறார். அவர் மனதில் இருக்கும் பெயர் ஒன்று, கேக்கில் இருப்பது இன்னொன்று, கோர்ட் பதிவில் இருப்பது வேறொன்று. மூன்றும் மூன்றாக நிற்பதற்குக் காரணம் நான்.

போனில் கோர்ட் அலுவலகத்துப் பெண்மணி. நான் அம்மாவின் குரலில், "மிஸிஸ் பத்மநாதன் கதைக்கிறேன்" என்று தொடங்கியிருந்தேன்.

"பதிவில் இருக்கும் பெயரை வாசிக்கிறேன்," என்றார் அவர். "டிபிசி விதுர்சனா அக்சனா பத்மநாதன். சரிதானே?"

"முதலாவது ஒரு பெயரே இல்லை."

"நீங்கள்தான் அப்படி எழுதியிருக்கிறீர்கள், மிஸிஸ் பத்மநாதன்."

அது உண்மை.

எங்கள் வீட்டில் போர்ம் நிரப்புவது நான்தான். பெயர் யசோதினி, வயது பதினாறு, ஒன்பது வயதிலிருந்து இந்த வேலை. கவுன்சில் டக்ஸ், காஸ் மீற்றர், அப்பாவின் பார்க்கிங் அபராதத்துக்கு அப்பீல், எல்லாம் என் கைதான். அப்பீல் மூன்று போட்டு மூன்றிலும் வென்றிருக்கிறேன். ஆகவே அம்மாவும் அப்பாவும் மன்னாரில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஓர் இல்லத்திலிருந்து ஐந்து வயதுப் பிள்ளையைத் தத்தெடுத்து லண்டனில் மனோர் பார்க்குக்குக் கூட்டிவந்தபோது, இங்குள்ள கோர்ட்டுக்கான போர்மும் என்னிடமே வந்தது.

பிள்ளையின் பெயர் றோஸ்மலர். பிரச்சினையும் அதுதான்.

"வேதக்காரப் பேரெல்லே," என்றார் அம்மாவின் தம்பி கிருசாந்தன் மாமா. இதைச் சொல்வதற்காகவே நோர்பரியிலிருந்து இரண்டு ரயில் மாறி வந்திருந்தார்.

கிறிஸ்தவப் பெயர் என்பது அப்பாவுக்கு ஒரு பொருட்டில்லை. அவருடைய கோபம் வேறு.

"முன்பின் தெரியாத ஆரோ வைச்ச பேர். என்ர பிள்ளை அதைச் சாகுமட்டும் சுமக்கோணுமோ? ஏலாது. அவளுக்குப் பேரை நான் வைப்பன்."

"வைக்கிறதெண்டா கெதியா வையுங்கோவன்," என்றார் அம்மா.

விரைவாக வைக்க மாமா விடவில்லை. நட்சத்திரம் பார்க்க வேண்டும், அதற்குரிய எழுத்தில்தான் பெயர் தொடங்க வேண்டும் என்றார். பிறந்த நேரம் இல்லத்துப் பதிவில் இல்லை. "அப்ப லண்டனுக்கு வந்த நேரம்தான் இனி அவள் பிறந்த நேரம்," என்று மாமா தீர்ப்புச் சொன்னார். ஆனால் அன்றைக்கு ஹீத்ரோவில் நெரிசல். பிளேன் நாற்பது நிமிடம் லண்டனைச் சுற்றியது. அந்த நாற்பது நிமிடத்துக்குள் கார்த்திகை முடிந்து ரோகிணி தொடங்கிவிட்டது.

"கார்த்திகைதான்," என்றார் அப்பா. "லண்டனுக்கு மேல வந்திட்டாளெல்லே."

"அத்தான், ஆகாயத்தில ஆரும் பிறக்கிறேல்ல. பிளேன்ர சில்லு நிலத்தில பட்டது ரோகிணியில. வ, வி."

"அப்ப இமிகிரேசன் லைன்ல நிண்ட ஒரு மணித்தியாலம்?"

"அது பிரசவ வேதனை."

அம்மா தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டார்.

"சரி, நீங்கள் முதல்முதல் லண்டனில இறங்கின நேரத்தைச் சொல்லுங்கோ," என்றார் மாமா. "தகப்பனுக்கும் மகளுக்கும் பொருத்தம் பாப்பம்."

"பிளேன்ல வந்தனான். அவ்வளவுதான் ஞாபகம்," என்று அப்பா பேச்சை மாற்றினார். அந்தக் கதையை எப்போது கேட்டாலும் அவ்வளவுதான் சொல்வார்.

இரண்டு கிழமை இப்படிப் போனது. கார்த்திகைக்கு அப்பா 'அக்சனா' என்றார். ரோகிணிக்கு மாமா 'விதுர்சனா' என்றார்.

"விதுர்சனா எண்டா என்ன அர்த்தம் மாமா?"

"எங்கட சொந்தக்காரன் சிவதர்ஷன்ர மோளுக்கு என்ன பேர்? நிவர்சிகா. அதுக்கு ஆராவது அர்த்தம் கேட்டவையோ?"

இத்தனைக்கும் எங்கள் ஆட்களில் யாரும் யாரையும் பதிந்த பெயரால் கூப்பிடுவதில்லை. நான் வீட்டில் குஞ்சு. மாமா நாற்பத்துமூன்று வயதிலும் பபா. அப்பாவின் கடைப் பலகையில் 'பத்மநாதன் அன் சன்ஸ்' என்று பெரிதாக இருக்கிறது. சன்ஸ் ஒருவரும் கிடையாது. பத்மநாதன் என்று அவரைக் கூப்பிடுகிற ஆட்களும் பாங்கிலும் கிளினிக்கிலும்தான் உண்டு. சொந்தக்காரருக்கு அவர் சிவம். அம்மாவுக்கு 'இஞ்சேருங்கோ'.

இவர்கள் முடிவெடுக்கும்வரை போர்ம் காத்திருக்காது. 'பிள்ளையின் புதுப் பெயர்' என்ற பெட்டியை வெறுமையாக விட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. எங்கள் பள்ளிக்கூட டைம்டேபிளில், எந்த ஆசிரியர் என்று தெரியாத இடத்தில், 'பிறகு அறிவிக்கப்படும்' என்பதற்கு டி, பி, சி என்று மூன்று இங்கிலிஷ் எழுத்துப் போடுவார்கள். அதைப் போட்டேன். பிறகு மாற்றலாம்தானே.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. டிபிசி பத்மநாதன் என்னும் பெண் குழந்தையின் வழக்கு அடுத்த மாதம் இன்ன தேதி. அன்றைக்குக் கட்டளை வந்தால் அதுதான் அவள் பெயர். அதற்குப் பிறகு மாற்றுவதென்றால் எல்லாம் முதலிலிருந்து.

நான் பயப்படவில்லை. அபராதம் போட்ட கவுன்சிலையே பணிய வைத்தவள். அந்தக் கிழமை மாமாவின் கை ஓங்கியிருந்ததால், 'தயவுசெய்து விதுர்சனா என்ற பெயரைச் சேர்த்துக்கொள்ளவும்' என்று மெயில் போட்டேன். மூன்று நாளில் அப்பாவின் கை ஓங்கியது. 'தயவுசெய்து அக்சனா என்ற பெயரைச் சேர்த்துக்கொள்ளவும்.'

சேர்த்துக்கொண்டார்கள். எதையும் எடுக்கவில்லை.

முதல் வந்த கடிதத்தை என் கெமிஸ்ட்ரிப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்திருந்தேன். எண் சாத்திரக் கணக்குப் பார்க்க ஒரு பேப்பர் தேடிய மாமாவின் கையில் அதுதான் அகப்பட்டது. வாசித்தார்.

"டி நாலு. பி ரெண்டு. சி மூண்டு." மாமா விரல்களை மடித்தார். "ஒன்பது. அருமையான எண். ஆரடி பாத்துக் குடுத்தது?"

"மாமா, அது வந்து..."

"எனக்குச் சொல்லாமல் அத்தான் பதிஞ்சிட்டார், என்ன. பரவாயில்லை. சின்னப் பேர். வெள்ளைக்காரன்ர வாயிலயும் வரும்." கடிதத்தை மடித்துத் திரும்பப் புத்தகத்துக்குள் வைத்தார். "எனக்குத் தெரியுமெண்டு அவருக்குச் சொல்லாதை. கேக்கை நான் பாக்கிறன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒன்பது என்றபோது அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கேக்தான் இப்போது கீழே.

"திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் புதுத் திருத்தப் போர்மை முழுதாக நிரப்பி அனுப்பினால் மாற்றலாம்," என்றார் போனில் பெண்மணி. "ஒரு பெட்டியும் வெறுமையாக இருக்கக் கூடாது. இனி மெயில் வேண்டாம், மிஸிஸ் பத்மநாதன்."

கதவை யாரோ தட்டினார்கள்.

"அக்கா, நான் றோஸ்மலர். எனக்கு ஒண்டுக்கு வருது."

அவளுக்கு அது ஒரு பழக்கம். யாராக இருந்தாலும் முதலில் தன் பெயரைச் சொல்வாள், பிறகு அவர்கள் பெயரைக் கேட்பாள். தபால்காரர், பஸ் டிரைவர், கடையில் பால் வாங்க வருகிறவர்கள் எல்லோரிடமும் கேட்டாயிற்று. தெருவில் எங்களுக்குப் பதினாறு வருடமாகத் தெரியாத பெயர்கள் அவளுக்கு ஆறு கிழமையில் தெரியும்.

அவள் போய்விட்டு வந்ததும் கையில் பிடித்துக்கொண்டு கீழே வந்தேன். சோபாவின் நல்ல மூலையில் வெம்பிளி ஐயா இருந்தார். அவர் எங்களுக்கு என்ன முறை என்று எனக்குத் தெரியாது. தைப்பொங்கலன்று அப்பா வேட்டிச் சால்வையோடு வெம்பிளிக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் பானை ஏறும். அவர் வந்தால் அப்பா இருக்கமாட்டார், நிற்பார். அம்மாவைக் கேட்டால், "அப்பாவுக்கு வேண்டிய ஆள்," என்பார்.

மாமா கேக்கை நடு மேசையில் வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "இதென்ன, கொம்பனிப் பேரோ?"

"ஒன்பது, அத்தான்."

"என்ன ஒன்பது?"

இனி ஒளிக்க இடமில்லை. பெட்டி, மூன்று எழுத்து, கடிதம், இரண்டு மெயில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். மாமா மெதுவாக, "அப்ப அது பேரில்லையோ," என்றார்.

"மூண்டு அப்பீல் வெண்டவள்," என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். பிறகு என்னிடம், "ஆக்கள் போகட்டும். கதைப்பம்."

ஏசியிருந்தால் பரவாயில்லை.

அவர் றோஸ்மலருக்கு முன்னால் முழங்காலில் இருந்து, அவள் காதுக்குக் கை மறைத்துச் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது.

"அக்சனா."

"இல்லை அப்பா, றோஸ்மலர்," என்றாள் அவள், மறதிக்காரரைத் திருத்துவது போல.

"அக்சனா."

"றோஸ்மலர் அப்பா."

மூன்றாம் தரம் அவர் வாய் திறக்க முன்னம் அவள் அவருடைய காதைப் பிடித்து இழுத்து, அதே போலக் கை மறைத்து, றோஸ்மலர், றோஸ்மலர், றோஸ்மலர் என்று ஓதிவிட்டாள். இருபத்தைந்து பேரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

"ஆர் உனக்கு இந்தப் பேரை வைச்சது? சிஸ்டரோ?"

"நான்தான்."

"நீயோ?"

"எங்கட இல்லத்தில என்னோட சேத்து மூண்டு மேரி. சிஸ்டர் மேரி எண்டு கூப்பிட்டா மூண்டு பேரும் ஓடுறது. அதால என்னைக் கேட்டவ, உனக்கு என்ன பேர் வேணுமெண்டு. நான் ஒரு நாள் முழுக்க யோசிச்சுச் சொன்னனான்."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"நீயா யோசிச்சு எடுத்தனீ."

"ஓம்."

"அப்ப அதை ஒருத்தரும் தொடக் கூடாது." எழும்பினார். "தன்ர பேரைத் தானே எடுத்தவள். எத்தினை பேருக்குக் கிடைக்கும்?"

"அத்தான், எண் ஒருக்கா..."

"பபா, கேக்கை வெட்டு."

ஒரு பெயருக்கு இவ்வளவு உருக்கமா என்று எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது. ஆனால் பெயர் முடிவாகிவிட்டதால் நான் தப்பினேன். மேசை ஓரத்தில் லாப்டாப்பைத் திறந்து திருத்தப் போர்மை நிரப்பத் தொடங்கினேன். பிள்ளையின் பெயர், றோஸ்மலர் பத்மநாதன். முகவரி. தேதி. விரல் ஓடியது. கடைசியாக ஒரே ஒரு பெட்டி: 'தத்தெடுப்பவர்களில் எவராவது எப்போதாவது வேறு பெயரில் வாழ்ந்ததுண்டா? ஓம், இல்லை.'

லேசான கேள்வி. சிவம் மாதிரி வீட்டுப் பெயர்களையெல்லாம் அவர்கள் கேட்கவில்லை. அம்புக்குறியை 'இல்லை'க்கு மேல் கொண்டுபோனேன்.

பக்கத்தில் றோஸ்மலர் கேக் தட்டோடு சோபாவுக்குப் போயிருந்தாள்.

"நான் றோஸ்மலர். உங்கட பேர் என்ன?"

வெம்பிளி ஐயா ஒரு துண்டை வாயில் வைத்து, ஆறுதலாக விழுங்கினார்.

"பத்மநாதன்."

"அது அப்பாட பேர்."

"ஓம் பிள்ளை. அப்ப என்னட்டப் பாஸ்போட் இருந்தது, உன்ர அப்பாட்ட இல்லை. கொண்டு போ எண்டு பேரையும் சேத்துக் குடுத்தனான். முப்பது வருசமாச்சு, இன்னும் திருப்பித் தரேல்ல."

அப்பா மற்றப் பக்கம் திரும்பி யாருக்கோ ரோல்ஸ் பரிமாறிக்கொண்டிருந்தார். அவர் கை நின்றதை நான் மட்டும்தான் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்ததையும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அவர் இன்னும் என்னோடு கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. போர்ம் முழுதாக நிரம்பிவிட்டது, அந்த ஒரு பெட்டியைத் தவிர. வெறுமையாக விட்டால் போகாது. பிறகு அறிவிக்கப்படும் என்று போட அதில் இடமுமில்லை. ஓம் என்றால் அப்பாவின் பெயர் அவிழும், இல்லை என்றால் கோர்ட்டுக்குப் பொய். நாளைக் காலை ஒன்பது மணிக்குள் நான் எதை அமுக்குவது, ஓமா, இல்லையா?