அர்ஜியக்கா ஒரே ஒருமுறை பணிந்தது

தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றிலும் 'பணிவுடன்' என்ற சொல்லை எழுத மறுத்தவர், உலகத்திலேயே எங்கள் அர்ஜியக்கா ஒருவர்தான். சித்தூரில் அர்ஜி என்றால் மனு. கலெக்டர் ஆபீஸ் வேப்பமரத்தடியில் டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு, 'மிக்க கோபத்துடன் எழுதிக்கொள்வது' என்றுதான் தொடங்குவார். உள்ளே சூப்பரிண்டென்டாக இருந்த நான் ஒன்றைத் திருப்பி அனுப்பினேன். மறுநாள் 'மிக மிகக் கோபத்துடன்' என்று வந்தது.

"விதிப்படி பணிவுன்னு போடணும்மா."

"மூணு மாசமா தண்ணியில்லாம கொடத்த தூக்கிக்கினு அலையறான். அவன் எதுக்கு சார் பணியணும்?"

விதிப்புத்தகத்தில் தேடினேன். பதில் இல்லை.

ஓய்வு பெற்றபின் அவர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு, எந்த மனு எந்த மேசையில் சாகும் என்று சொல்லும் உத்தியோகம் பார்த்தேன். ஒருநாள் குப்பம் ஊரிலிருந்து கல்குவாரித் தொழிலாளி முனுசாமி வந்தார். மகனை, குடோன் வேலை என்று ஓர் ஏஜென்ட் ரஷ்யாவுக்கு அனுப்பியிருந்தான். அங்கே கையில் துப்பாக்கியைக் கொடுத்துப் போர்முனையில் நிறுத்திவிட்டார்கள்.

அக்கா படபடவென்று தட்டினார். 'மிக்க கோபத்துடன்...'

"வேணாங்கா! யுத்தம்ன்ற பேச்சே வேணாம்னு போன்ல அழுவுறான். அங்க அவனுக்கு ரொட்டி குடுத்த கடைக்காரம்மா, இன்னாத்துக்கு இந்த யுத்தம்னு கேட்டுச்சாம். பக்கத்து வூட்டுக்காரனே போலீசுக்கு எழுதிப் போட்டுட்டான். அந்தம்மா இப்ப ஜெயில்ல."

"எழுதிப் போட்டானா? அர்ஜியா?"

"ஆமாக்கா. அந்த ஊர்ல முன்னல்லாம் வூட்டுக்குள்ளயாவது பேசிக்கினு இருந்தாங்களாம். இப்ப பெத்த புள்ள எதிர்லகூட வாயத் தொறக்கறதில்லையாம்."

"தூ! ஆள உள்ள தள்றதுக்கு அர்ஜியா? அவன் கை வெளங்குமா?"

மரத்துக் காக்கைகள் பறந்தன. அக்கா காகிதத்தை உருவிக் கசக்கினார். புதிதாக ஒன்றைச் சொருகினார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். 'மிகவும் பணிவுடன்.' யுத்தம் என்ற சொல்லே இல்லை. 'பணியிடச் சூழல் உடல்நலத்துக்கு உகந்ததாக இல்லை' என்றிருந்தது.

"வெளிய சொல்லாத சார். என் பேரு கெட்டுடும்."

டெல்லி வரைக்கும் அனுப்பினோம். 'உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது' என்று ஏழு பதில்கள் வந்தன. உரிய அலுவலகம் என்று இந்த நாட்டில் எதுவும் கிடையாது. முப்பது வருடம் அந்த வரியைக் கையெழுத்திட்டு அனுப்பிய பாவி சொல்கிறேன்.

பையன் தானாகவே வந்து சேர்ந்தான், ஒரு காலை அங்கே விட்டுவிட்டு. ஊன்றுகோலைப் பார்த்த அக்கா டைப்ரைட்டரை இழுத்துக்கொண்டார். ஏஜென்ட் பெயரையும் ஏழு அலுவலகங்களின் பெயரையும் போட்டு, 'மிக மிக மிகக் கோபத்துடன்' தட்டினார். காகிதம் ஓட்டையானது.

அக்கா காலமாகிவிட்டார். அந்தப் பணிவான மனுவின் கார்பன் நகல் என்னிடம் இருக்கிறது. இன்று வெளியே சொல்லிவிட்டேன். உங்கள் பேர் கெடாது, அக்கா.