சுரினாம் பாம்பும் பாஸ்மதி சாக்கும்

ஒரு வேலையைப் பாதி மட்டும் சொல்லி ஒப்படைத்துவிட்டு, பிறகு “இதுகூடத் தெரியாதா?” என்று கேட்பவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது. (இந்த இடத்தில் என் மனைவி சிரிப்பாள். சிரிக்கட்டும்.)

எழுபதுகளின் கடைசி. துபாய் சத்வாவில் குடியிருந்துகொண்டு ஒரு கட்டட கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். கல்யாணமான இருபதாம் நாள் விமானம் ஏறியவன். மனைவி கமலாவை வரவழைக்க, விசாவுக்கு மேனேஜர் ஒரு கடிதம் தரவேண்டும். அந்த வெள்ளைக்காரரோ வீட்டுச் சாவியைக் கையில் திணித்து, “ஒரு மாசம் லீவு. என் பாம்பைப் பார்த்துக்கொள். வந்ததும் கையெழுத்து” என்றார்.

எட்டடிப் பாம்பு. மலைப்பாம்பு மாதிரியான போவா; அதிலும் சாதாரண போவா இல்லையாம், தென் அமெரிக்காவின் அசல் சுரினாம் ஜாதியாம். முதுகில் வௌவால் இறக்கை மாதிரி பட்டைகள், வால் மட்டும் செங்கல் சிவப்பு. விஷம் கிடையாது. ஏசி ஆகாது. (துபாய் ஜூலையில் ஏசி வேண்டாம் என்ற ஒரே ஜீவன்!) “வாரம் ஒரு எலி” என்றார். அவ்வளவுதான் சொன்னார், சத்தியமாக அவ்வளவுதான்.

நான் பரம்பரைச் சைவம். கமலாவை நினைத்துக்கொண்டு, எலியை இடுக்கியில் பிடித்து, கண்ணை மூடிப் போட்டேன். பாம்பு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு வாரம் பட்டினி. அது செத்தால் என் கடிதமும் போச்சு.

ரூமில் கூட இருந்த நாகர்கோவில் செல்லையா தலையில் அடித்துக்கொண்டான். “எலியா குடுத்திய? வெள்ளிக்கெழம பாலும் முட்டையும் வையுங்கண்ணே. மஞ்சப்பொடிய மறந்திராதிய!”

துபாயில் வெள்ளிக்கிழமை லீவுதானே? குளித்து, திருநீறு பூசி, வைத்தோம். பாம்பு கிண்ணத்தைக் கவிழ்த்து அதிலேயே படுத்துக்கொண்டது. அடுத்த வெள்ளி போய்ப் பார்த்தால், பாம்பின் பெட்டி முழுக்கப் பொடிப் பாம்புகள்! அங்கே இருந்த ஒரே முட்டை நாங்கள் வைத்த கோழிமுட்டை, அதுவும் உடையவில்லை. ஆகவே இவை பால் வாசனைக்குப் பாலைவனத்திலிருந்து புகுந்த கூட்டம் என்று முடிவு கட்டினேன்.

“யல்லா, யல்லா!” என்று அரபியில் விரட்டியபடி செல்லையா விளக்குமாற்றால் தள்ள, நான் பாஸ்மதி சாக்கைப் பிடித்தேன். வாயைக் கட்டி நிமிர்ந்தால், வாசலில் பயணப் பெட்டியோடு மேனேஜர்.

“ஒன்றையும் விடவில்லை சார், எல்லாம் கலாஸ்!” என்றேன் பெருமையாக.

அவிழ்த்துப் பார்த்தவரின் முகம் பாம்பின் வால் நிறத்துக்கு வந்தது. “என் குட்டிகள்!”

“பாம்பு குட்டி போடுமா சார்?”

“போவா குட்டிதான் போடும். கர்ப்பமாக இருந்தால் சாப்பிடாது. இதுகூடத் தெரியாதா?”

எப்படித் தெரியும்? நான் என்ன சுரினாமிலா பெண் எடுத்திருக்கிறேன்? இத்தனைக்கும் இருபத்திரண்டு குட்டியும் உயிரோடு இருந்தன, ஒரு கீறல் இல்லை. அப்படியும் அந்த மனுஷன், “கூடவே இருந்தும் கர்ப்பம் என்று தெரியாதவனை நம்பி ஒரு பெண்ணை எப்படி வரச் சொல்வது?” என்று சிரிக்காமல் கேட்டு, ஆறு மாதம் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தார். அநியாயம்!

ஒருவழியாகக் கமலா வந்தாள். வந்த அன்றே செல்லையா எல்லாவற்றையும் அவளிடம் ஒப்பித்துவிட்டான், பாவி. மறுவருஷம் ஒரு காலை, காபியை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

“நான் முழுகாம இருக்கேன். முன்னாடியே சொல்லிட்டேன். அப்புறம் எங்கேருந்தோ வந்ததுன்னு சாக்குல கட்டிராதீங்க.”

அப்படிப் பிறந்த மகள், பல வருஷம் கழித்து, தான் உண்டாகியிருக்கும் சேதியைச் சொல்ல போன் செய்தாள். சந்தோஷத்தில் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டேன்.

“சரிப்பா, அம்மாகிட்ட குடுங்க” என்றாள். “வீட்ல இருக்கற சாக்கையெல்லாம் ஒளிச்சு வைக்கச் சொல்லணும்.”