சீஸ் சுமக்கத் தகுதியான கிராக்கர்

வெளிநாட்டு விருந்தினருக்குச் சீஸோடு எந்த கிராக்கரைப் பரிமாறுவது என்று தீர்மானிக்க, திருப்பதியில் ஓர் அரசு அலுவலகம் உயர்மட்டக் குழு அமைத்தது. கிராக்கர் என்றால் மெல்லிசான உப்பு பிஸ்கட். இந்த விவரம் அலுவலகத்துக்கே தாமதமாகத்தான் தெரியவந்தது. அதற்குள் தீயணைப்புத் துறை அதைப் பட்டாசு என்று எடுத்துக்கொண்டு, சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் மணல் வாளிகள் வைக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி வழங்கிவிட்டது. வழங்கிய அனுமதியைத் திரும்பப் பெற விதியில் இடமில்லை. வாளிகள் வந்து சேர்ந்தன.

குழுவில் ஹரிதாவும் இருந்தாள். பிச்சாட்டூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிற இளநிலை உதவியாளர். வரப்போகிறவர்கள் சீஸ் கம்பெனிக்காரர்கள். வடமாலபேட்டைப் பக்கம் அவர்கள் தொழிற்சாலை போட்டால் பிச்சாட்டூர் பாலுக்கு நல்ல விலை கிடைக்கும். அதை நம்பி ஹரிதாவின் அம்மா சென்னம்மா இன்னொரு கறவை மாட்டையும் பிடித்துக் கட்டியிருந்தாள். ஆகவே ஹரிதாவுக்கு இது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை.

குழுத் தலைவர் இணை இயக்குநர் பிரபாகர். ஹைதராபாத்தில் மகன் வீட்டில் சீஸ் சாப்பிட்டுவிட்டு வந்தவர். அந்தத் தகுதி குழுவில் வேறு யாருக்கும் கிடையாது.

"எள்ளு போட்டது வைக்கலாமா சார்?" என்று கேட்டார் கண்காணிப்பாளர் இஸ்மாயில்.

"எள்ளு மேல கவனம் போயிடும். அப்புறம் சீஸுக்கு என்ன மரியாதை?"

பிறகு பிரபாகர் செல்போனைப் பார்த்து வாசித்தார்: "நல்ல கிராக்கருக்குத் தனக்குன்னு ஒரு ருசி இருக்கக்கூடாது. மேல எதை வெச்சாலும் தாங்கணும். பாதியில உடையக்கூடாது. கடிக்கிறவங்களுக்குத் தொந்தரவு குடுக்கக்கூடாது."



"சர்வீஸ் பூரா இதைத்தான் சார் பண்ணிக்கினு இருக்கேன்" என்றார் இஸ்மாயில்.

பரிசோதனை நடந்தது. குழு சாப்பிட்டதில் சீஸ் தீர்ந்துபோய், மறுபடி வரவழைத்து, அதுவும் தீர்ந்தது. ஹரிதா மெதுவாகக் கேட்டாள்: "சார், பாலை எங்க குளிர வைப்பீங்க, தண்ணிக்கு என்ன வழின்னு அவங்க கேட்டா?"

"அது வேற குழும்மா."

"அந்தக் குழுவுல யாரு சார் இருக்காங்க?"

"இன்னும் அமைக்கல. மொதல்ல இந்த வேலை முடியட்டும்."

விருந்தினர் வந்தார்கள். எதன் வாசனையும் இல்லாத, எதற்கும் அசையாத வட்ட கிராக்கர் ஒன்று தேர்வாகியிருந்தது. வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை என்று போய்க்கொண்டிருக்கையில் கரண்ட் போனது. திருப்பதி வெயிலுக்குப் பழகாத சீஸ் உருகி மேசை விரிப்பில் ஓடியது. விருந்தினர் கிராக்கரை டீயில் நனைத்துச் சாப்பிட்டார்கள். ஒருவர் மணல் வாளியைக் காட்டி என்னவென்று கேட்டார்.

"எங்க ஊர்ல பிஸ்கட்டைக்கூட பாதுகாப்போடதான் குடுப்போம்" என்றார் பிரபாகர்.

இன்னொருவர் பாலை எங்கே குளிரவைப்பீர்கள் என்று கேட்டார். ஹரிதா தலைவரைப் பார்த்தாள். தலைவர் அந்த மனிதருக்கு இன்னொரு கிராக்கர் எடுத்து நீட்டினார்.

தொழிற்சாலை வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது. கிராக்கர் தேர்வு முழு வெற்றி என்று அரசுக்கு அறிக்கை போனது. வெற்றியின் பயன் பொதுமக்களுக்கும் சேரவேண்டும் என்பதால், திங்கட்கிழமைகளில் மனு கொடுக்க வருகிறவர்களுக்கு எல்லா அலுவலகங்களிலும் ஒரு டீயும் அதே கிராக்கரும் தரச் சொல்லி உத்தரவு வந்தது. கூட்டம் பெருகியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னம்மா மகளிடம் வந்தாள். "ஹரிதா, ஒரு மனு எழுதிக் குடுடி. ஊரே கையெழுத்து போடறோம்."

ஹரிதாவுக்கு மனசு நிறைந்தது. "பால் வெலைக்கா?"

"இல்லடி. புத்தூர் ஆபீசுல குடுக்கற பிஸ்கட்டு நமுத்துக்கினு கீது. துன்ன முடியல."

"சரி, எழுதறேன். அப்படியே பால் விசயத்தையும் சேத்துடறேம்மா."

"வேணாம்டி" என்றாள் சென்னம்மா. "ரெண்டையும் கேட்டா அப்பறம் பிஸ்கட்டையும் நிறுத்திடுவாங்க."